பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரையைக் கழற்றலாமா, எப்படிக் கழற்றுவது?

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வீடு, அப்பா 1988ல் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை, சுமார் 600 சதுர அடி, கஜா புயலில் உடைந்த ஷீட்டுகளை மட்டும் அப்போது மாற்றியது, இப்போது நாலு இடத்தில் ஒழுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கழற்றிவிட்டுக் கலர் ஷீட் போடுவதா, பழையதின் மேலேயே போட்டுவிடுவதா என்பது உங்கள் கேள்வி. ஊர் வெல்டர் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார், பழைய ஷீட்டை அவரே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொல்கிறார். கடைசி வரியில், ‘வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, இத்தனை வருடம் இதன் கீழேதான் எல்லோரும் தூங்கினோம், தொட்டால்தான் ஆபத்து என்றும் ஒருவர் சொல்கிறார்’ என்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் நிஜமான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். இதுவரை நமக்கு என்ன ஆகியிருக்கும், இனி இதைத் தொடலாமா, தொட்டால் எப்படித் தொடுவது என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். எந்த ஷீட் நல்லது என்பது அதற்கு அப்புறம்தான் வரும்.

நான் சிவில் படித்தவன். டெல்டா மாவட்டங்களில் பல வருடங்களாகக் கூரை வேலைகளைக் கூடவே நின்று பார்த்துக்கொள்கிறவன். மருத்துவன் அல்ல. அதனால் நுரையீரலைப் பற்றிச் சொல்லும் இடங்களில், ஆராய்ச்சி உலகம் ஒப்புக்கொண்ட எல்லையைத் தாண்டிப் போகமாட்டேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், மண்ணிலிருந்து எடுக்கும் நார் வடிவக் கனிமம். அதில் வெள்ளை, நீலம், பழுப்பு என்று வகைகள் உண்டு. நம் நாட்டுக் கூரை ஷீட்டுகளில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைக் கல்நார். அதுவும் முழுக்க நார் கிடையாது, எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் நார், மீதி சிமெண்ட். அந்தச் சிமெண்ட் நாரை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும்வரை அது காற்றில் கலப்பதில்லை. ஷீட்டை உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், தேய்த்தால் நார் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் அடி ஆழம்வரை இறங்கி, அங்கேயே பல ஆண்டுகள் தங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு எல்லா வகைக் கல்நாரையும் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. நுரையீரல், குரல்வளை, சூல்பை ஆகியவற்றின் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோயும் கல்நாரால் வருகின்றன என்கிறது அது. மீசோதீலியோமா வெளியே தெரிய பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். உச்ச நீதிமன்றம் 1995ல் கல்நார்த் தொழிலாளர்கள் வழக்கில், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்கச் சொன்னதற்குக் காரணம் இந்தத் தாமதம்தான். இன்று தூசு குடித்தவருக்கு நாளைக்கு இருமல்கூட வராது. அதனால்தான் ‘நான் இருபது வருடமாக அறுக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று வேலைக்காரர்கள் மனதார நம்புகிறார்கள்.

அடுத்தது, ஒப்பீட்டளவில் உறுதியானது. உடையாமல், அசையாமல் இருக்கும் சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் வாழ்பவர்கள் மூச்சில் இழுக்கும் நாரின் அளவு மிகக் குறைவு. ஷீட் தொழிற்சாலையில் நார் மூட்டையைப் பிரித்தவர்கள், கப்பல் கட்டும் தளத்தில் கல்நார் பூசியவர்கள் வாங்கிய அளவோடு அதை ஒப்பிடவே முடியாது. நுரையீரலே நாராக இறுகிப்போகும் ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற நோய், வருடக்கணக்கில் அடர்த்தியான தூசில் வேலை செய்தவர்களுக்கு வருவது. இந்தக் கூரையின் கீழ் தூங்கியதால் வருவது அல்ல. ஆகவே இதுவரை வாழ்ந்ததை நினைத்துக் குடும்பத்தோடு எக்ஸ்ரே எடுக்க ஓடத் தேவையில்லை என்பது என் கருத்து. யாருக்காவது விடாத இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், கூரை விஷயத்தையும் சொல்லுங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அதை நிறுத்துவதுதான் இருப்பதிலேயே பெரிய பாதுகாப்பு. புகையும் கல்நாரும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் அபாயம் தனித்தனியே இருப்பதைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாகும் என்பது நிறுவப்பட்ட விஷயம்.

சந்தேகத்துக்கு இடமுள்ளது எது? மிகக் குறைந்த அளவு நாரால் எவ்வளவு அபாயம் என்பதை யாராலும் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. நீலக் கல்நாரைவிட வெள்ளைக்கு மீசோதீலியோமா அபாயம் குறைவு என்பதில் பலரும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் ‘குறைவு’ என்பதை ‘பாதுகாப்பானது’ என்று மாற்றிச் சொல்வது ஷீட் விற்பவர்களின் வாதம். இந்த அளவுக்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று ஒரு கோடு கண்டுபிடிக்கப்படவில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. அமெரிக்கா 2024ல் வெள்ளைக் கல்நாரையும் தடை செய்தது. இந்தியாவில் சுரங்கம் தோண்டுவதற்கு அனுமதி தருவது நின்றுவிட்டது, இறக்குமதி செய்து ஷீட் செய்வது நடக்கிறது. முழுத் தடை கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2011ல் ஏற்கவில்லை. கடையில் விற்கிறார்களே, அப்புறம் என்ன ஆபத்து என்ற கேள்விக்கு இதுதான் பின்னணி. இன்னொரு சந்தேகம் அடிக்கடி வருகிறது, இந்தக் கூரையில் பிடித்த மழைத்தண்ணீர் குடிக்கலாமா என்று. வயிற்றுக்குள் போகும் நாரால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. இருந்தாலும் பாசி பிடித்த பழைய ஷீட்டின் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ நான் சொல்லமாட்டேன்.

குழந்தை விஷயம் தனி. ஒரே அளவு தூசு, ஒரே நாள் என்றாலும் சின்னக் குழந்தைக்கு அபாயம் கூடுதல், ஏனென்றால் அந்த நோய் வளர்வதற்கான வருடங்கள் அதற்கு முன்னால் நிறைய இருக்கின்றன. பிரிட்டிஷ் அரசின் நிபுணர் குழு 2013ல் இதைக் கணக்கிட்டது. ஐந்து வயதில் தூசு பட்டவருக்கு, 25 வயதில் அதே தூசு பட்டவரைப்போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு வாழ்நாள் அபாயம் என்றது. எனவே கழற்றும் நாளிலும், சுத்தம் செய்து முடிக்கும்வரையிலும் குழந்தை அந்த வீட்டிலோ அதே தெருவிலோ இருக்க வேண்டாம். தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இதில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது.

ஆக, உங்களிடம் ‘தொட்டால்தான் ஆபத்து’ என்று சொன்னவர் பாதி சரி. நன்றாக இருக்கும் கூரையைப் பயந்துபோய்க் கழற்ற வேண்டியதில்லை. விரிசல் இல்லை, ஒழுகல் இல்லை என்றால் துளை போடாமல், தேய்க்காமல், கீழே ஒரு சீலிங் அடித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் உங்கள் கூரை அந்த நிலையைத் தாண்டிவிட்டது. முப்பத்தைந்து வருட வெயிலிலும் மழையிலும் மேல்பக்கச் சிமெண்ட் அரித்துப்போய் நார் வெளியே தெரியும். கையால் தடவினால் சாம்பல் நிறத்தில் மாவுபோல் ஒட்டும் (தடவிப் பார்க்காதீர்கள்). தாழ்வாரத்து ஓரம் சேரும் அந்தக் கருப்புச் சேற்றிலும் நார் இருக்கும். போதாததற்குப் புயல் உலுக்கியிருக்கிறது. போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கும். ஒழுகும் இடத்தில் எம்-சீல் வைத்து அடைப்பது, அடுத்த மழையில் பக்கத்தில் ஒழுகுவது என்று இது போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் மேலே ஏறுகிறார். மாற்றுங்கள்.

மேலே ஏறுவது என்று சொன்னேனே, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் உடனடியாக உயிரை வாங்குவது நார் அல்ல, விழுவது. ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள பழைய ஷீட், மேலே நிற்பவருக்குக் கல்போல உறுதியாகத் தோன்றும். முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். ஓரமாக விழுவது அல்ல, ஷீட்டுக்குள்ளேயே ஓட்டை விழுந்து நேராகச் சிமெண்ட் தரைக்கு இறங்குவது. போல்ட் வரிசையின் மேல் கால் வைத்தால் ஒன்றும் ஆகாது என்று எல்லா மேஸ்திரியும் சொல்வார். அடியில் ஷீட்டைத் தாங்கும் இரும்பு பைப் இருக்கிறது என்பதால் அங்கே கொஞ்சம் தாங்கும் என்பது உண்மை, ஆனால் பழைய ஷீட்டில் அதை நம்பி ஒருவரை ஏற்றக்கூடாது. பாசியும் ஈரமும் இருந்தால் கால் எந்த வரிசையிலும் நிற்காது.

இங்கே ஒரு முரண் வருகிறது. தூசு கிளம்பாமல் இருக்க ஷீட்டை நனைக்க வேண்டும், நனைத்தால் வழுக்கும். இதற்கு எனக்குத் தெரிந்த சரியான தீர்வு, ஷீட்டின் மேல் யாரும் ஏறாமல் கீழிருந்தே கழற்றுவது. உங்கள் கூரை தாழ்வானது, பைப் மட்டம் பத்தடிக்குள்தான் இருக்கும். வீட்டுக்குள் சாமான்களை எல்லாம் வெளியேற்றிவிட்டு, சாரம் கட்டி அகலமான பலகை போட்டு, ஆள் நிமிர்ந்து நின்றால் ஷீட்டின் அடிப்பக்கம் கைக்கு எட்டும்படி செய்துகொள்ளுங்கள். ஷீட்டைப் பிடித்து நிறுத்தியிருப்பது ஜே போல்ட். அதன் நட் வெளியே, மேல்பக்கம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் துருவேறி இறுகியிருக்கும், ஸ்பேனர் போட்டுத் திருகினால் ஷீட்தான் முறியும். ஆனால் கொக்கிப் பகுதி பைப்பைச் சுற்றிக் கீழே வளைந்து வருகிறது. கீழே நிற்பவர் அந்தக் கொக்கியை போல்ட் கட்டரால் நறுக்கிவிட்டால் போதும். துரு தின்ற எட்டு மில்லிமீட்டர் கம்பிதான், நறுங்கும். கட்டாயம் கிரைண்டர்தான் வேண்டும் என்றால் சக்கரம் ஷீட்டில் உரசவே கூடாது. ஒரே நாளில் முடிக்கிறேன் என்கிறவர்கள் வழக்கமாகச் செய்வது, போல்ட் தலையைச் சுற்றிச் சுத்தியலால் தட்டி ஷீட்டை உடைத்து எடுப்பது, அல்லது கிரைண்டரால் ஷீட்டோடு சேர்த்து அறுப்பது. அந்த ஒரு நாளில் எழும்பும் தூசு, முப்பத்தைந்து வருடம் அந்தக் கூரை வீட்டுக்குள் கொடுத்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும்.

கழற்றும் வரிசை, போட்ட வரிசைக்குத் தலைகீழ். முதலில் முகட்டு ஷீட், அப்புறம் முகட்டை ஒட்டிய வரிசை, கடைசியில் தாழ்வாரம். ஒரு ஷீட்டுக்கு மேல் இன்னொன்று ஏறியிருக்கும் பக்கத்தைப் பார்த்து, மேலே ஏறியிருப்பதை முதலில் எடுக்க வேண்டும், அடியில் இருப்பதை இழுத்தால் இரண்டும் முறியும். எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தந்த ஷீட்டை மட்டும் இரண்டு பக்கமும் நனையுங்கள். வயலில் மருந்தடிக்கும் முதுகுத் தெளிப்பான் இதற்கு மிக வசதி, ஆனால் மருந்து படாத புதியது வேண்டும். தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் கொஞ்சம் கலந்தால் ஈரம் உள்ளே இறங்கும். பூவாளிபோல மெதுவாக விழ வேண்டும். வாகனம் கழுவும் பிரஷர் பம்பைக் கொண்டு அடித்தால் அரித்த மேல்பூச்சு முழுவதும் தெறித்துப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஒட்டும். அடிப்பக்கத்து ஒட்டடையையும் கரியையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மூன்று மீட்டர் நீள ஷீட் ஒன்று 40 கிலோ இருக்கும். சாரத்தில் இரண்டு பேர், தரையில் நின்று வாங்க இரண்டு பேர் வேண்டும். கயிறு கட்டிச் சாய்த்த பலகை வழியாக முழுசாக இறக்க வேண்டும். தூக்கி வீசக் கூடாது, தரையில் இழுக்கக் கூடாது. முழு ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கனமான பாலிதீன் விரிப்பால் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டுங்கள். 200 மைக்ரான், கடைக்காரர் மொழியில் 800 கேஜ். உடைந்த துண்டுகளை ஈரத்தோடு கையுறை போட்டுப் பொறுக்கி இரட்டைப் பையில் கட்டுங்கள். வெளியே ‘கல்நார், உடைக்காதீர்’ என்று பெரிதாக எழுதுங்கள்.

துடைப்பம் வேண்டாம். வேலை முடிந்த இடத்தைச் சித்தாளை விட்டுக் கூட்டச் சொல்வது நம் வழக்கம். மேலே நின்றவரைவிட, உலர்ந்த தூசைக் குனிந்து கூட்டுகிற அந்த அம்மாதான் அதிக நாரை மூச்சில் வாங்குகிறார். இது எனக்குப் பெரிய மனவருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் ஈரத்துணி போட்டுத் துடைத்தால் முடிந்துபோகும் வேலை இது. துடைத்த துணியும் அதே பையில் போகட்டும். வீட்டு வேக்வம் கிளீனரும் வேண்டாம், அதன் வடிகட்டி இந்த நாரைப் பிடிக்காமல் பின்பக்கம் வெளியே தள்ளிவிடும்.

மாஸ்க் பற்றிப் பலரும் ஏமாறுகிறார்கள். துண்டு, சர்ஜிக்கல் மாஸ்க் இரண்டும் இதற்குப் பயன்படாது. என்-95கூடக் கல்நாருக்குப் போதாது என்பதுதான் அமெரிக்கத் தொழில்நலத் துறையின் நிலை. பி-100 வடிகட்டி பொருத்திய ரப்பர் அரைமுக மாஸ்க் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். தாடி இருந்தால் அது முகத்தில் ஒட்டாது, ஓரமாகக் காற்று நுழையும், அதனால் அன்றைக்குச் சவரம் செய்யச் சொல்லுங்கள். ஆளுக்கொன்று நீங்களே வாங்கிக் கொடுங்கள், வேலைக்காரர் வாங்கிக்கொள்வார் என்று விட்டால் துண்டுதான் வரும். பழைய முழுக்கை உடை, தலைக்குத் துணி. வேலை முடிந்ததும் அங்கேயே குளித்துவிட்டு வேறு உடையில் வீட்டுக்குப் போக வேண்டும், போட்டிருந்த உடை பாலிதீன் பைக்குள் போக வேண்டும். தொழிற்சாலைக்குப் போன கணவரின் சட்டையை உதறித் துவைத்ததாலேயே மனைவிமாருக்கு மீசோதீலியோமா வந்த கதைகள் பல நாடுகளில் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. அது நம் ஊர் வெல்டர் வீட்டில் நடக்க வேண்டியதில்லை.

காலம் பார்த்துச் செய்யுங்கள். அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக் காற்றில் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் ஆகாது. தை, மாசி நல்லது, அதிலும் காலை ஆறு மணி முதல் பத்து மணிவரை காற்று அடங்கியிருக்கும். இரண்டு மூன்று காலைகளாகப் பிரித்துச் செய்யலாம். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்கள், கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடுங்கள், கொடியில் துணி காய வேண்டாம்.

இனி, பழைய ஷீட்டை அவரே எடுத்துக்கொள்கிறேன் என்றாரே, அது. வேண்டாம். அது எங்கே போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முழு ஷீட் இன்னொருவரின் மாட்டுக் கொட்டகைக்கோ குளியலறை மறைப்புக்கோ போகும், அங்கே அளவுக்கு அறுக்கப்படும். உடைந்தது ரோட்டோரப் பள்ளத்தில் நிரவப்படும், லாரி ஏறி ஏறி மாவாகும். சில துண்டுகள் குப்பையோடு எரியும், தீயில் போட்ட சிமெண்ட் ஷீட் படபடவென்று வெடித்துச் சிதறும். உங்கள் வீட்டு ஆபத்தை ஏழ்மையான இன்னொரு வீட்டுக்கு மாற்றுவதாகத்தான் அது முடியும்.

அப்படியென்றால் எங்கே கொண்டுபோவது? இந்த இடத்தில்தான் நம் நிர்வாகம் பலவீனமாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் கழித்துப்போட்ட கல்நார் இடம்பெற்றிருக்கிறது, ஆனால் அது தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளைப் புதைக்கும் முறையான இடம் இருக்கிறது, அதுவும் தொழிற்சாலைகளோடு ஒப்பந்தம் போட்டு வாங்கும் ஏற்பாடு. ஒரு வீட்டுக்காரர் முக்கால் டன் ஷீட்டோடு போய் நிற்க நடைமுறை வழி எளிதாக இல்லை. நான் சொல்வது, முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் உங்கள் ஊராட்சிக்கும் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அவர்கள் உள்ளூரிலேயே புதைக்க இடம் காட்டினால், சுற்றிய கட்டுகளைப் பிரிக்காமல் ஒரு மீட்டருக்குக் குறையாத மண் மேலே வரும்படி ஆழமாக வைத்து மூடுங்கள். கல்நார் தண்ணீரில் கரைந்து நிலத்தடி நீருக்குப் போகும் பொருள் அல்ல. பிற்காலத்தில் யாராவது அஸ்திவாரத்துக்கோ ஆழ்துளைக் கிணற்றுக்கோ அந்த இடத்தைத் தோண்டுவதுதான் ஆபத்து. அதனால் மனையின் மூலையில் புதைக்க நேர்ந்தால் இடத்தை அளந்து ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். அதுவரை கட்டுகள் நிழலில், மாடு மிதிக்காத இடத்தில் கிடக்கலாம், பிரியாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது.

பழையதின் மேலேயே கலர் ஷீட் போடுவதைப் பற்றி. சில நாடுகளில் ஷீட்டைத் துளைக்காமல் தனித் தாங்கிகள் வைத்து முறையாகச் செய்கிறார்கள், தவறான யோசனை என்று சொல்லமாட்டேன். நம் ஊரில் செய்யும் விதம், நீள ஸ்க்ரூவை ஷீட் வழியாகவே பைப்பில் இறக்குவது. அத்தனை துளையிலும் தூசு வீட்டுக்குள் கொட்டும். பழைய பைப்பும் ஆங்கிளும் துருப்பிடித்திருந்தால் அது மறைந்தே போகும். அடுத்த புயலில் மேல் ஷீட் போகும்போது கீழ் ஷீட்டையும் உடைத்துக்கொண்டு போகும். உங்கள் பகுதியில் நான் இதற்குச் சம்மதிக்கமாட்டேன்.

புதிய கூரைக்கு என்ன போடுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதில் உயிர் ஆபத்து குறைவு, ஒன்றைத் தவிர. ஆசை இருந்தாலும் மங்களூர் ஓடு உங்கள் சட்டத்தின் மேல் போட முடியாது. சிமெண்ட் ஷீட் சதுர மீட்டருக்குப் பதின்மூன்று கிலோ சொச்சம், ஓடு அதைப்போல மூன்று மடங்கு எடை, ஓட்டுக்குச் சரிவும் அதிகம் வேண்டும். ஆக, மரச்சட்டம் முதல் புதிதாக வேண்டும். கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட் இப்போது கிடைக்கிறது, பழைய ஷீட்போலவே பொருந்தும், சூடும் சத்தமும் தகரத்தைவிடக் குறைவு. வாங்கும்போது ‘கல்நார் இல்லாதது’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள், ஐஎஸ் 14871 என்பது அதற்கான தரக்குறி, ஐஎஸ் 459 என்று இருந்தால் அது கல்நார் ஷீட். கலர் ஷீட் என்றால் அரை மில்லிமீட்டர் கனத்தில், அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசியது, கடல் காற்று வரும் ஊருக்கு அது அவசியம். அடியில் வெப்பத்தடுப்பு இல்லாமல் போட்டால் சித்திரையில் உள்ளே இருக்க முடியாது. வசதி இருந்தால் நடுவே நுரை அடைத்த பஃப் பேனல், இல்லையென்றால் சீலிங்.

தவிர என்று சொன்ன அந்த ஒன்று, காற்று. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் கூரையின் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 90 கிலோ விசை விழும், ஓரங்களிலும் முகட்டிலும் இன்னும் அதிகம். அது கூரையை மேலே உறிஞ்சி இழுக்கும். சிமெண்ட் ஷீட் போல்ட் துளையில் முறிந்து துண்டு துண்டாகப் போய்விடும், சட்டம் பெரும்பாலும் மிஞ்சும். கலர் ஷீட் முறியாது. சதுர மீட்டருக்கு ஐந்து கிலோகூடத் தேறாத எடைதான், ஆனால் பிடித்த பிடியை விடாமல் பைப்போடு, சில நேரம் சுவர் மேல்வரிசைச் செங்கலோடு பெயர்த்துக்கொண்டு போகும், பறக்கும் தகடு கத்தியாகும். ஆகவே ஓர வரிசைகளில் ஒவ்வொரு மடிப்புக்கும் ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ, பைப் சட்டத்தோடு முழு வெல்டு, சட்டம் சுவரில் கான்கிரீட் வளையத்தில் போல்ட்டால் இறங்கியிருக்க வேண்டும். செங்கல் மேல் சும்மா உட்காரவைத்த ஆங்கிள்மேல் கலர் ஷீட் அடித்துத் தருகிறேன் என்றால், அந்த வெல்டரை நிறுத்திவிட்டு முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

விலை பேசும்போது கழற்றுவதற்கு, கட்டி வைப்பதற்கு, சட்டத்துக்கு, ஷீட்டுக்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தமாகப் பேசினால் கழற்றும் வேலைக்கு நேரம் ஒதுக்கவே மாட்டார்கள், அவசரத்தில் சுத்தியல் வந்துவிடும். ‘முழுசாக இறங்கும் ஒவ்வொரு ஷீட்டுக்கும் இவ்வளவு’ என்று கூலி பேசிப் பாருங்கள், உடைக்காமல் இறக்குவதில் அவர்களுக்கே அக்கறை வந்துவிடும்.

வீட்டுக்குள்ளிருந்து பைப், ஆங்கிள், சுவரில் அவை உட்காரும் இடம், நாலைந்து ஜே போல்ட்டின் கொக்கி ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். சட்டத்தை வைத்துக்கொள்ளலாமா, மாற்ற வேண்டுமா என்று அதைப் பார்த்து ஓரளவு சொல்ல முடியும். கஜாவுக்குப் பின் மாற்றிய ஷீட்டில் கல்நார் இருக்கிறதா இல்லையா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதற்கு ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அந்தச் செலவு வேண்டாம் என்றால் அவற்றையும் கல்நார் ஷீட்டாகவே நினைத்து மற்றவற்றோடு சேர்த்தே இறக்குங்கள்.